பெயரில்லாத பூதமும் பதினெட்டு வயதுப் பெண்ணும்

போன செமஸ்டர் ஸ்டடி லீவில் எங்கள் ஹாஸ்டலில் அதிகமாகக் கைமாறியது எந்தப் பாடத்தின் நோட்ஸ் என்று நினைக்கிறீர்கள்? பாடமே இல்லை. தாஹிரா மஃபி எழுதிய 'ஷாட்டர் மீ' நாவல் வரிசைதான். முதல் புத்தகம் 2011-ல் வந்தது, அப்புறம் வரிசையாகப் பல பாகங்கள். படிச்சவங்களுக்குக் கதை தெரியும். படிக்காதவங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலியட் என்று 17 வயதுப் பெண். அவள் தோல் யார் மேல் பட்டாலும் அவர்கள் உயிர் போய்விடும். கடையில் ஒரு சின்னக் குழந்தைக்கு உதவப் போகிறாள், கை படுகிறது, குழந்தை செத்துப்போகிறது. பெற்றவர்களே அவளைக் கைகழுவிவிடுகிறார்கள். கதை தொடங்கும்போது 264 நாளாக ஒரு அறையில் தனியாக அடைபட்டுக் கிடக்கிறாள். வெளியே உலகம் நாசமாகிவிட்டது. ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு அவளைப் பார்த்தால் பயம். அவளையே ஆயுதமாக்கிக்கொள்ளலாமா என்ற ஆசையும் இருக்கிறது.

ஒரே ராத்திரியில் முடித்தேன். (மறுநாள் இன்டர்னல் எப்படிப் போச்சுன்னு கேட்காதீங்க.) முடித்ததும் ஒரு விஷயம் மனசைப் பிடித்துக்கொண்டது. தான் செய்யாத தப்புக்காகத் தன்னையே வெறுக்கிற ஒரு பெண், அவளைப் பார்த்து நடுங்குகிற ஒரு உலகம். இந்தக் கதையை வேறு எங்கேயோ பார்த்திருக்கிறோமே? யோசித்துப் பார்த்ததில் 200 வருஷம் பின்னால் போய் நின்றேன். அங்கே ஒரு நிஜப் பெண் இருந்தாள். தொட்டுக் கொல்லும் சக்தி அவளுக்குக் கிடையாது. ஆனால் தான் பிறந்ததால் ஒரு உயிர் போனது என்ற எண்ணத்தோடு வளர்ந்தவள். 18 வயதில் ஒரு கதை எழுத உட்கார்ந்தாள். அந்தக் கதையை நீங்கள் படிக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். ஃபிராங்கன்ஸ்டைன்.

அதை எழுதிய மேரி ஷெல்லியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த நாவல் எழுதி முடிக்கும் வரை அவளை 'அவள்' என்றே சொல்கிறேன். நம்ம பேட்ச்மேட் வயசுதானே.

1797 ஆகஸ்ட் 30. லண்டனில் சோமர்ஸ் டவுன் என்ற பகுதியில் ஒரு வீடு. அம்மா மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே அறிவும் உரிமையும் உண்டு என்று 1792-லேயே புத்தகம் எழுதிய பெண்மணி. அப்பா வில்லியம் காட்வின், அரசாங்கமே தேவையில்லை என்று எழுதிப் புகழ்பெற்ற சிந்தனையாளர். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி மட்டும் முழுசாக வெளியே வரவில்லை. வரவழைக்கப்பட்ட மருத்துவர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். பிரசவம் பார்ப்பதற்கு முன்னால் கை கழுவ வேண்டும் என்று செம்மல்வெய்ஸ் வியன்னாவில் கண்டுபிடித்தது 1847-ல், அதாவது இன்னும் 50 வருஷம் கழித்து. தொற்று ஏறியது, காய்ச்சல் வந்தது. செப்டம்பர் 10-ம் தேதி அம்மா இறந்துபோனார். குழந்தைக்கு 11 நாள்.

அம்மாவின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். அம்மாவைச் செயின்ட் பாங்க்ரஸ் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். கல்லறைக் கல்லில் பொறித்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டித்தான் மேரி எழுத்துக் கற்றாள் என்று சொல்வார்கள். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நாம் 'அ' எழுதிப் பழகியது அரிசித் தட்டில். அவள் முதலில் எழுதிப் பழகியது அவள் பெயர்தான், அதுவும் செத்துப்போன ஒருவரின் பெயராக.

அவளுக்கு நாலு வயதானபோது அப்பா மறுமணம் செய்தார். சித்திக்கும் அவளுக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்பவும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்துபோனவர்கள் யார் தெரியுமா? கோல்ரிட்ஜ் வந்து தன் நீண்ட கவிதையைத் தன் வாயாலேயே சொல்லிக் காட்டுவார். வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி வருவார். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பிரித்தெடுத்தாரே, அதே டேவி. நமக்கு வாரம் ஒரு கெஸ்ட் லெக்சர் வைத்தால் அட்டெண்டன்ஸுக்காகப் போய் உட்காருகிறோம். அவளுக்கு அது வீட்டுக் கூடத்திலேயே நடந்தது.

இங்கே கொஞ்சம் மின்சாரம் பேச வேண்டும். ட்ரிபிள்-ஈ நண்பர்கள் நிமிர்ந்து உட்காரவும்.

இத்தாலியில் கால்வானி என்பவர் செத்த தவளையின் காலில் உலோகத்தை வைத்தபோது கால் துடித்தது. உயிர்களுக்குள்ளேயே ஒரு மின்சாரம் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அதெல்லாம் இல்லை, இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்ததால் வந்த மின்சாரம் என்றார் வோல்டா. அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் 1800-ல் வோல்டா செய்த முதல் பேட்டரி. கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி இன்னும் ஒரு படி மேலே போனார். 1803 ஜனவரியில் லண்டன் நியூகேட் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின் கம்பிகளை வைத்தார். தாடை நடுங்கியது. ஒரு கண் திறந்தது. கை மேலே எழும்பி விரல்கள் மடங்கின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் அவன் பிழைத்துவிட்டான் என்றே நினைத்தார்கள். ஊரெல்லாம் இதே பேச்சு. மேரிக்கு அப்போது ஐந்து வயது. செத்தவர்களை எழுப்ப முடியும் என்ற பேச்சு, அம்மா இல்லாத ஒரு குழந்தையின் காதில் எப்படி விழுந்திருக்கும்!

1814-ல் பெர்சி ஷெல்லி என்ற இளம் கவிஞர் அவள் அப்பாவின் சிஷ்யனாக வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். நாத்திகம் பேசிக் கட்டுரை போட்டதற்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து துரத்தப்பட்டவர். பணக்கார வீட்டுப் பிள்ளை. ஹாரியட் என்ற பெண்ணை மணந்து ஒரு குழந்தைக்கு அப்பா ஆகியிருந்தார், இன்னொன்று வயிற்றில். மேரியும் அவரும் சந்தித்துப் பேசிய இடம் அம்மாவின் கல்லறை. ஜூலை 28-ம் தேதி விடியும் முன்னால் இருவரும் பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். கூடவே சித்தியின் மகள் கிளேரும் போனாள். மேரிக்கு 16 வயது, பெர்சிக்கு 21.

இதைக் காதல் காவியம் ஆக்க எனக்கு விருப்பம் இல்லை. ஹாரியட்டின் பக்கம் நின்று பார்த்தால் இது அப்பட்டமான கொடுமை. திருமணம் என்ற ஏற்பாடே தப்பு என்று எழுதியவர் மேரியின் அப்பா. சொந்த மகள் அதன்படி நடந்ததும் அவள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார். பெர்சியிடம் பணம் கேட்டுக் கடிதம் எழுதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

1815 பிப்ரவரியில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. இரண்டு வாரம்கூட முழுசாக இருக்கவில்லை. பெயர் வைக்கவும் இல்லை. சில நாள் கழித்து அவள் தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தாள். குழந்தை சாகவே இல்லை, குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது, அடுப்பு நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது என்று கனவு. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அவளுக்கு 17 வயது. ஜூலியட்டின் அதே வயது.

அடுத்த மாதம், ஏப்ரலில், பூமியின் இன்னொரு பக்கத்தில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் டம்போரா எரிமலை வெடித்தது. வரலாற்றில் பதிவான மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதன் சாம்பலும் கந்தகத் துகளும் வளிமண்டலத்தின் மேலடுக்கில் ஏறிச் சூரிய வெளிச்சத்தை மறைத்தன. மறு வருஷம், 1816-ல், ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழுகியது, ரொட்டிக்குக் கலவரம் நடந்தது. காரணம் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. டிஸ்டோப்பியாவுக்குக் கற்பனை தேவைப்படாத வருஷம் அது.

அந்தக் கோடையில்தான் மேரி, பெர்சி, கைக்குழந்தை வில்லியம், கிளேர் நாலு பேரும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரைக்கு வந்தார்கள். பக்கத்து மாளிகை டியோடாட்டியில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார், கூடவே அவருடைய மருத்துவர் பொலிடோரி. பைரன் அப்போது இங்கிலாந்தை விட்டு, மனைவியைப் பிரிந்து, நாலு மாதம் ஆகியிருந்த ஒரு பெண் குழந்தையையும் விட்டுவிட்டு வந்தவர். அந்தக் குழந்தையின் பெயர் ஏடா. ஆமாங்க, முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர் என்று நாம் படிக்கிற அதே ஏடா லவ்லேஸ். அப்பாவை அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. இந்த ஒரு கோடையில் எத்தனை குழந்தைகளை எத்தனை பேர் கைவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அங்கே பிறந்த கதை ஏன் அப்படி இருந்தது என்று புரியும்.

ஓயாத மழை. வெளியே போக முடியாது. ஜெர்மன் பேய்க் கதைகளைப் படித்துச் சலித்துப்போய், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதலாம் என்று பைரன் பந்தயம் வைத்தார். இரண்டு பெரிய கவிஞர்களும் கொஞ்சம் எழுதிவிட்டுக் கைவிட்டார்கள். பைரன் பாதியில் விட்ட துணுக்கிலிருந்து பொலிடோரி பிறகு ரத்தக் காட்டேரிக் கதை ஒன்றை எழுதினார். டிராகுலாவுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. மேரிக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. தினமும் காலையில் கதை கிடைத்ததா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்ல அவமானமாக இருக்கும். புராஜெக்ட் டைட்டில் கிடைக்காமல் கைடு முன்னால் நிற்கிற அதே நிலைமை.

ஒரு ராத்திரி பெர்சியும் பைரனும் உயிர் என்பது என்ன, பிணத்துக்குள் அதை மின்சாரத்தால் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். படுக்கப் போன பிறகு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் காட்சி ஓடுகிறது. வெளுத்த முகத்தோடு ஒரு மாணவன், தான் கோத்துச் சேர்த்த உடலின் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறான். அந்த உடல் அசைகிறது. அவன் பயந்து ஓடிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். கண் திறந்து பார்த்தால், அது கட்டிலின் திரையை விலக்கி அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேரி திடுக்கிட்டு எழுந்தாள். ஜன்னல் கதவின் இடுக்கில் நிலா வெளிச்சம். இந்த நிலா விஷயத்தை அவள் பிற்காலத்தில் எழுதி வைத்ததால், டெக்சாஸ் வானியலாளர்கள் சிலர் அந்த மலைச்சரிவில் நிலா எப்போது தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1816 ஜூன் 16, விடியற்காலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் என்று விடை வந்தது.

சினிமாவில் பார்த்ததை எல்லாம் இப்போது மறந்துவிடுங்கள். கோட்டை, இடி மின்னல், கழுத்தில் போல்ட்டு, கூன் விழுந்த உதவியாளன் எல்லாம் நாடகக்காரர்களும் 1931 ஹாலிவுட் படமும் சேர்த்தவை. நாவலில் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஒரு கல்லூரி மாணவன். லேப்பும் இல்லை, கோட்டையும் இல்லை, வாடகை வீட்டின் மாடி அறை. எப்படி உயிர் கொடுத்தான் என்று மேரி விளக்கவே இல்லை, ஒரு பொறி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறாள். அவள் அக்கறை அடுத்த நிமிஷத்தில் இருக்கிறது. படைப்பு கண்ணைத் திறந்ததும் விக்டர் பார்க்கிறான், அருவருப்பு வருகிறது, அறையை விட்டு ஓடிவிடுகிறான். இரண்டு வருஷம் ராப்பகலாகச் செய்த புராஜெக்ட்டை ஆன் செய்த அன்றைக்கே விட்டுவிட்டு ஓடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் அதற்குப் பெயர் கிடையாது. பூதத்தின் பெயர்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று நிறையப் பேர் சொல்வது, சிட்டியை வசீகரன் என்று கூப்பிடுகிற மாதிரி.

அந்தப் படைப்பு முதலில் யாரையும் கொல்வதில்லை. ஒரு குடிசையின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு, உள்ளே இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டு மொழி கற்கிறது, மில்டன் படிக்கிறது, அவர்களுக்கு ரகசியமாக விறகு வெட்டிப் போடுகிறது. அவர்கள் முன்னால் வந்து நின்ற அன்றைக்கு அடித்து விரட்டுகிறார்கள். ஆற்றில் விழுந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறது, பதிலுக்குத் துப்பாக்கிச் சூடு. அதற்குப் பிறகுதான் அது கொலைகாரன் ஆகிறது. உதவப் போன கை கொலைக் கையாகப் பார்க்கப்படுகிறது. ஜூலியட்டைக் கடையில் நிற்க வைத்த அதே இடத்தில்தான் மேரி தன் பூதத்தை நிறுத்தியிருந்தாள். ஒரு வித்தியாசம். ஜூலியட்டுக்கு அவளை நம்புகிற ஒரு பையன் கிடைத்துவிடுகிறான். மேரியின் பூதத்துக்கு யாருமே கிடைக்கவில்லை. இருநூறு வருஷத்தில் எழுத்தாளர்களுக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்கிறது போல.

இன்னொரு விஷயம், படித்தபோது என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பூதம் முதலில் கொல்வது விக்டரின் குட்டித் தம்பியை. அவன் பெயர் வில்லியம். மேரி அதை எழுதும்போது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய மகன் பெயரும் வில்லியம்.

நாவல் வளர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களிலேயே இரண்டு மரணம். 1816 அக்டோபரில் அவளுடைய அம்மாவின் மூத்த மகள் ஃபேனி விஷம் குடித்து இறந்தாள். டிசம்பரில் பெர்சியின் மனைவி ஹாரியட் லண்டன் ஹைட் பார்க் ஏரியில் பிணமாக மிதந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. அதே மாதம் 30-ம் தேதி மேரிக்கும் பெர்சிக்கும் சர்ச்சில் கல்யாணம். அப்பா சமாதானமாகி வந்து கலந்துகொண்டார். அந்தக் கல்யாண நாளில் அவள் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரி 1-ம் தேதி வெளியானது. மூன்று பாகம், 500 பிரதி. அட்டையில் எழுதியவர் பெயர் இல்லை. படைப்புக்குப் பெயர் இல்லாத மாதிரியே, படைத்தவளுக்கும் இல்லை. முன்னுரை பெர்சி எழுதியது, சமர்ப்பணம் காட்வினுக்கு. அதனால் எல்லோரும் இது பெர்சியின் வேலை என்றே நினைத்தார்கள். அந்தக் காலத்தின் சூப்பர் ஸ்டார் எழுத்தாளர் வால்டர் ஸ்காட்கூட அப்படி நினைத்துத்தான் பாராட்டி விமர்சனம் எழுதினார். மேரி அவருக்குக் கடிதம் போட்டு, எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இந்தச் சந்தேகம் இன்றைக்கும் சிலருக்கு இருக்கிறது. ஆனால் அவள் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. மேரியின் கையெழுத்தும், ஓரத்தில் பெர்சியின் திருத்தங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. உட்கார்ந்து எண்ணிய ஆய்வாளர்கள் சொல்கிற கணக்கு, சுமார் 72,000 சொற்களில் பெர்சியுடையது 4,000-லிருந்து 5,000 வரை. அவளுடைய எளிமையான சொற்களை அவர் பல இடங்களில் கனமான லத்தீன் சொற்களாக மாற்றியிருக்கிறார். கேட்டால், மாற்றாமலே விட்டிருக்கலாம் என்பேன்.

இனிமேல் 'அவர்'.

1818-ல் குடும்பம் இத்தாலிக்குப் போனது. அந்த நாலு வருஷத்தை வேகமாகத்தான் கடக்க முடியும், நின்று பார்க்க மனசு வராது. அந்த செப்டம்பரில், வெனிஸ் போய்ச் சேர்ந்ததும், ஒரு வயது கிளாரா காய்ச்சலில் இறந்தாள். 1819 ஜூனில் ரோமில் மலேரியா வில்லியமைக் கொண்டுபோனது. மூன்றரை வயது. கதையில் தன் கையால் கொன்ற பெயர். அந்த நவம்பரில் பிறந்த பெர்சி ஃபிளாரன்ஸ் ஒருவன்தான் கடைசி வரை பிழைத்த பிள்ளை. 1822 ஜூனில் கருச்சிதைவாகி ரத்தம் நிற்காமல் போனபோது, பெர்சி அவரைத் தூக்கி ஐஸ் நிரப்பிய தொட்டியில் உட்கார வைத்துக் காப்பாற்றினார். டாக்டர் வந்து சேர்ந்தபோது ரத்தம் நின்றிருந்தது. மூன்றே வாரம். ஜூலை 8-ம் தேதி பெர்சி, லிவோர்னோவிலிருந்து வீட்டுக்குத் தன் புதுப் படகில் கிளம்பினார். வேகம் போதாது என்று அதில் பாய்களைக் கூட்டியிருந்தார்கள், மேல்தளம் கிடையாது, பெர்சிக்கு நீச்சலும் தெரியாது. புயல் வந்தது. பத்து நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது. கடற்கரையிலேயே எரித்தார்கள். இதயம் மட்டும் வேகவில்லை என்று நண்பர்கள் அதை எடுத்து வைத்தார்கள்.

மேரிக்கு 24 வயது. நம்மில் பலர் பிஜி முடித்து வேலை தேடுகிற வயது.

கையில் மூன்று வயதுப் பிள்ளையோடு 1823-ல் லண்டன் திரும்பினார். அங்கே ஒரு வேடிக்கை காத்திருந்தது. அவர் கதையை யாரோ நாடகமாகப் போட்டு, ஊரே கூடிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைக் கேட்கவும் இல்லை, காசு தரவும் இல்லை; நாடகத்துக்கு அப்போது காப்புரிமைச் சட்டமே அவ்வளவுதான். இவரும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தார். நடிகர் பட்டியலில் பூதத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்த வருஷம் வந்த இரண்டாம் பதிப்பில்தான் முதல்முறையாக அட்டையில் மேரி ஷெல்லி என்ற பெயர் ஏறியது.

மாமனார் டிமதி ஷெல்லி பெரும் பணக்காரர். பேரனுக்காகக் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார், அதுவும் பின்னால் திருப்பித் தர வேண்டிய கடனாக. ஒரு நிபந்தனை: பெர்சியின் வாழ்க்கையை எழுதி வெளியிடக் கூடாது, குடும்பப் பெயர் ஊர் வாயில் விழக் கூடாது. யோசித்துப் பாருங்க, ஒரு எழுத்தாளருக்கு அவர் பெயரையே அச்சில் போடக் கூடாது என்று தடை. ஜூலியட்டை அடைத்த அறைக்குச் சுவர் இருந்தது. இதற்குச் சுவர்கூடத் தேவைப்படவில்லை, படிப் பணம் போதும்.

அந்த நிலையில்தான் அவர் 'தி லாஸ்ட் மேன்' எழுதினார். 1826-ல் வந்தது. டிஸ்டோப்பியா ரசிகர்கள் இதை விட்டுவிடாதீர்கள். கதை நடப்பது 2073-லிருந்து 2100 வரை. இங்கிலாந்தின் கடைசி ராஜா முடி துறந்து நாடு குடியரசாகிவிட்டது. ஒரு கொள்ளைநோய் கிளம்பி, நாடு நாடாகத் தின்றுகொண்டே வருகிறது. மருந்து இல்லை, அரசியல்வாதிகளுக்கு வழி தெரியவில்லை, புதிதாக முளைத்த போலிச் சாமியார் ஒருவர் கூட்டம் சேர்க்கிறார். கடைசியில் ஒரே ஒரு மனிதன் மிஞ்சி, ரோமில் வெறிச்சோடிய தெருக்களில் ஒரு நாயோடு திரிகிறான். தொழில்நுட்பத்தில் மட்டும் அம்மணிக்குக் கற்பனை ஓடவில்லை. 21-ம் நூற்றாண்டிலும் தரையில் குதிரை, வானத்தில் பலூன். ஆனால் 2020 லாக்டவுனில் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் கிளாஸ் கவனித்துக்கொண்டிருந்த நமக்கு, காலியான நகரத்தை அவர் எழுதிய பக்கங்கள் கற்பனையாகவே தோன்றாது.

அன்றைக்கு விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். கடைசி மனிதன் ஏன், கடைசி மனுஷின்னு எழுதியிருந்தா பேச ஆளில்லாம தவிக்கிறதை நல்லா எழுதியிருப்பாங்களே என்று ஒரு பத்திரிகை கிண்டல் செய்தது. அவர் நிஜமாகவே பேச ஆளில்லாமல் தவித்துத்தான் அதை எழுதினார் என்பது அந்த விமர்சகருக்குத் தெரிந்திருக்காது. பெர்சியும் பைரனும்தான் வேறு பெயர்களில் அந்த நாவலில் உலாவுகிறார்கள், இருவரும் சாகிறார்கள். இதற்கிடையே, ஷெல்லி என்ற பெயர் பத்திரிகைகளில் அடிபட்டதால் மாமனார் படியையும் நிறுத்தி வைத்தார்.

அப்புறமும் எழுதினார். நாவல்கள், பத்திரிகைகளுக்குக் கதைகள், ஒரு கலைக்களஞ்சியத்துக்காக இத்தாலிய, ஸ்பானிய, பிரெஞ்சு எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள். பேனா ஓடினால்தான் மகனின் ஸ்கூல் ஃபீஸ். ஹாரோ என்ற பெரிய பள்ளியில் ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட முடியாமல், தானே அந்த ஊருக்கு வீடு மாறிப் பையனை டேஸ்காலராக அனுப்பினார். வாழ்க்கை வரலாறு எழுதத்தானே தடை என்று, 1839-ல் பெர்சியின் கவிதைகளைத் தொகுத்தபோது ஒவ்வொரு பகுதிக்கும் குறிப்பு எழுதுகிற சாக்கில் வாழ்க்கையையே எழுதிவிட்டார். பெர்சியை உலகக் கவிஞராக நிலைநிறுத்தியது அந்தத் தொகுப்பு. மகன் கேம்பிரிட்ஜ் போனான், நல்லவனாக, சாதாரணமானவனாக வளர்ந்தான், கவிதை கிவிதை எதுவும் எழுதவில்லை. அம்மாவுக்கு அதில் நிம்மதி இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1844-ல் மாமனார் 90 வயதில் இறந்து சொத்து வந்து சேர்ந்தபோது, மேரிக்கு ஏற்கெனவே தலைவலியும் கை செயலிழப்பும் ஆரம்பித்திருந்தன. மூளையில் கட்டி என்று கருதுகிறார்கள். 1851 பிப்ரவரி 1-ம் தேதி லண்டன் செஸ்டர் சதுக்கத்தில் இருந்த வீட்டில் இறந்தார். 53 வயது.

ஒரு வருஷம் கழித்து, முதல் நினைவு நாளன்று, மகனும் மருமகளும் அவருடைய எழுத்து மேசைப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இறந்துபோன குழந்தைகளின் முடிக்கற்றைகள் இருந்தன. பெர்சியும் அவரும் சேர்ந்து எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பெர்சியின் கவிதைப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாளை மடித்து, அதற்குள் ஒரு பட்டுத்துணிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தார்கள். கொஞ்சம் சாம்பலும், 1822-ல் கடற்கரை நெருப்பில் வேகாமல் போன அந்த இதயத்தின் மிச்சமும் அதில் இருந்தன.